ஹட் பேக்குப் போய்ச் சேராத நிறம்

சாம்பல் நிறத்தைவிடக் கருஞ்சாம்பல் ஏன் வெளுப்பாக இருக்க வேண்டும்? வலைப்பக்கங்களுக்கு நிறமும் அளவும் கொடுப்பது எப்படி என்று ஏழு இடங்களில் படித்துவிட்டேன். ஒன்றுகூட இதற்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பெயர் சொன்னாலே கணினிக்குத் தெரிகிற நிறங்கள் நூற்று நாற்பத்தெட்டு. பட்டியலை வைத்து எண்ணிப் பார்த்தேன். அதில் ஏழு, சாம்பல் என்ற சொல்லை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதலாம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் முறை வந்தவை. இன்னும் இரண்டு, ஒரே நிறத்துக்கு வைத்த மாற்றுப் பெயர்கள். கழித்தால் நூற்று முப்பத்தொன்பதுதான் மிச்சம். அதில் தக்காளி இருக்கிறது, சாக்லேட் இருக்கிறது, பப்பாளியை அடித்துக் கலக்கிய கூழின் நிறம்கூட இருக்கிறது. ஆனால் கருஞ்சாம்பல் என்று பெயர் வைத்த நிறம் வெறும் சாம்பலைவிட வெளிறிக் கிடக்கிறது. யாரோ அவசரத்தில் செய்த காரியம். உலகமே அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மனைவி கேட்டாள். என் தங்கைக்காக என்றேன்.

நாங்கள் இருப்பது போர்ட் பிளேரில். தங்கை இருப்பது தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து பஸ்ஸில் போனால் பதினாறாம் கிலோமீட்டரில் அவள் வீடு. எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். தோட்டம் மூடியது, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது இரண்டு மாடு, கொஞ்சம் பாக்கு மரம், தனியாள். இரண்டு கண்ணிலும் புரை. ஒருநாள் கொதிக்கிற பாலை டம்ளருக்குள் ஊற்றுவதாக நினைத்து அதன் பக்கத்தில் ஊற்றிக் காலைச் சுட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தாள். ஆப்பரேஷன் போர்ட் பிளேரில்தான். அதற்கு வர வேண்டுமென்றால் கப்பல் வேண்டும்.

எங்கள் தீவுகளில் கப்பல் எப்போது என்பது ஒரு தனிப் படிப்பு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கிளம்ப வேண்டிய கப்பல் கிளம்பாது. நேரம் மாறும், நாள் மாறும். ஜெட்டியில் ஒட்டிய அறிவிப்பை யாராவது போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அது பத்துப் பேர் கை மாறி வரும்போது எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். புரை விழுந்த கண்ணுக்கு அது வெறும் புகை. அதனால் தங்கை எனக்குப் போன் போடுவாள்.

"அண்ணே, ஷிப் என்னா ஆச்சு?"

"காலையிலதான சொன்னேன்?"

"காலையில சொன்னது காலையோட போச்சு. மௌசம் மாறிருக்கே, இங்க மழை ஊத்துது."

மௌசம் என்றால் வானிலை. இங்கே எல்லாருக்கும் அந்த இந்திச் சொல்தான். தன் பயணம் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் பயணம், எதிர்வீட்டு வங்காளி மௌசியின், அதாவது சித்தியின், பயணம் எல்லாவற்றுக்கும் அவளே என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். ஒரு வாரம் அவள் அழைப்புகளைக் குறித்து வைத்தேன். நாற்பத்தொன்று. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தப் பக்கம். எங்கள் வீடு இருக்கும் டெலானிபூர் மேட்டிலிருந்து இறங்கி ஜெட்டியின் அறிவிப்புப் பலகையை நானே பார்த்துவிட்டு வந்து, அதை நெட்டில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் அவளே படித்துக்கொள்வாள் அல்லவா?

செய்தியைப் பக்கத்தில் ஏற்றுவது ஒரு மாலையில் வந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கப் போனபோதுதான் ஸ்டைல் ஷீட் என்ற கதவு திறந்தது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு கோப்பு. அது எப்படித் தெரிய வேண்டும் என்பது வேறொரு கோப்பு. இரண்டாவதற்குத்தான் ஸ்டைல் ஷீட் என்று பெயர். தலைப்பு இந்த நிறம், எழுத்து இந்த அளவு, ஓரத்தில் இவ்வளவு இடம் என்று அதில் வரிசையாக உத்தரவு போட வேண்டும்.

முதலில் மெயின்லேண்டிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வரவழைத்தேன். அது வந்து சேர்வதற்குள் அதிலிருந்த பாதி விஷயங்கள் வழக்கொழிந்துவிட்டன என்று நெட்டில் படித்தேன். பிறகு தமிழில் ஒருவர் நடத்தும் வீடியோ. "ஓகே நண்பர்களே, சிம்பிள்தான்" என்று ஆரம்பிப்பார். ஒரு பாடத்தில் எத்தனை முறை சிம்பிள் என்கிறார் என்று எண்ணினேன், இருபத்தாறு. சிம்பிளாக இருந்த பாடம் ஒன்றுமில்லை. அடுத்து ஓர் அம்மையார் இந்தியில் நடத்தும் வரிசை. நிதானமான குரல், ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்வார். அவர்தான் எனக்கு ஒத்துவந்தார். இதற்கெல்லாம் மேல், எல்லா உத்தரவுகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு தளம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும். அதில் எண்ணை மாற்றினால் எதிரில் இருக்கும் பெட்டி உருண்டையாகும், சாயும், நிழல் விழும். எனக்கு அதில் பொழுது போவதே தெரியாது.

"பெட்டிய உருட்டி உருட்டி என்னாங்க பண்றீங்க?" என்பாள் மனைவி.

"மூலை எத்தனை புள்ளி வளையணும்னு பாக்கிறேன்."

"நம்ம வீட்டுக் கதவு மூலை மழைக்கு ஊறி மூடவே மாட்டேங்குது. அதையும் கொஞ்சம் பாருங்க."

எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கும் என்று அந்தத் தமிழ் வீடியோக்காரர் மூன்று பாடம் எச்சரித்த ஒரு விஷயம் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஒரே எழுத்துக்கு இரண்டு உத்தரவு இருந்தால் எது செல்லும்? அவர் அருவி, படிக்கட்டு என்றெல்லாம் உதாரணம் சொல்லித் திணறினார். நான் முப்பத்தாறு வருஷம் சர்க்குலர்களுக்கு நடுவில் இருந்தவன். பின்னால் வந்த சர்க்குலர் முன்னால் வந்ததைத் தள்ளிவிடும். எல்லாருக்கும் போட்ட பொது உத்தரவைவிட, ஓர் ஆளைக் குறித்துப் போட்ட உத்தரவு வலுவானது. எல்லாவற்றுக்கும் மேலே 'அவசரம்' என்று முத்திரை குத்திய ஒன்று வரும். அந்த முத்திரையை எல்லா மேஜையும் குத்த ஆரம்பித்தால் அதற்கும் மதிப்பு போய்விடும். ஸ்டைல் ஷீட்டிலும் அதே 'முக்கியம்' முத்திரை இருக்கிறது. அந்த அம்மையாரும் அதையேதான் சொன்னார், கூடுமானவரை குத்தாதீர்கள் என்று. யாருமே பார்த்திராத ஓர் அலுவலகத்தை யாரோ வெளிநாட்டில் கட்டி, அதற்கு எங்கள் அலுவலகத்தின் விதிகளையே வைத்திருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

பக்கம் தயாரானது. தலைப்புப் பட்டை ஆழ்ந்த நீலம். கிளம்பும் கப்பல்கள் கறுப்பில், கட்டைவிரல் நகம் அளவு எழுத்து. தங்கைக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னேன்.

"எழுத்து நல்லாத் தெரியுதுண்ணே. மேல அந்தப் பழுப்புப் பட்டையும் நல்லாருக்கு."

"பழுப்பா? அது நீலம்."

"இல்லண்ணே, பழுப்புதான். ஊறுன பாக்கு மாதிரி."

போன் திரை கெட்டிருக்கும் என்று நினைத்தேன். நீலத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன். இன்னும் அழுக்காகிவிட்டது என்றாள். ஒன்பது நீலம் மாற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்குப் பெருமை ஒன்றுதான்: போன் வருவது குறைந்தது. எதிர்வீட்டு மௌசி, தெலுங்குக்காரர்கள், எல்லாரும் இப்போது அவள் வீட்டுக்கு வந்து பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். "இனிமே ஷிப்புக்காக எனக்குப் போன் பண்ணாத, பக்கத்தப் பாரு" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

ரத்தாகும் கப்பலுக்கு முன்பெல்லாம் பக்கத்தில் 'கேன்சல்' என்று தட்டச்சு செய்துவந்தேன். அது வரியை நீளமாக்கி அடுத்த வரிக்குத் தள்ளியது. எனக்குப் பொறுக்கவில்லை. பாடங்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னது என்ன? எழுத்தைத் தொடாதே, தோற்றத்தை மாற்று. ஆகவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். ரத்தான கப்பலின் வரிக்கு ஓர் அடையாளம் மட்டும் வைத்து, அந்த அடையாளம் உள்ள வரியை மங்கிய சாம்பலாக்கி நடுவில் கோடு போடும்படி ஸ்டைல் ஷீட்டில் உத்தரவு எழுதினேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. கோடு விழுந்த வரியைப் பார்க்கச் சொல்லித் தங்கையிடம் போனில் கேட்டேன். "ஆமா, அடிச்சிட்டீங்க, தெரியுது" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆப்பரேஷன் தேதி கிடைத்தது. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கப்பல், அதை விட்டால் தேதிக்கு முந்தின நாள் இன்னொன்று. காற்று பலமாக இருந்தது. முதல் கப்பல் ரத்து என்று பலகையில் பார்த்ததும் வீட்டுக்கு வந்து வரியை மங்க வைத்துக் கோடு போட்டேன். இரண்டாவது கப்பலுக்கு அவள் வந்தால் போதும். அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும், அதை அவள் ஊரில் டிக்கெட் எடுத்துத் தரும் தெருமுனைக்காரரிடம் சொல்லி வைக்கும்படி முதல் நாளே சொல்லியிருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் போன்.

"அண்ணே, ஜெட்டியில நிக்கிறேன். கேட்டு பூட்டிக் கெடக்கு."

"ஜெட்டிக்கு ஏன் போன? இன்னைக்கு ஷிப் கேன்சல்!"

"கேன்சலா? நீங்கதான போட்டிருக்கீங்க. ஒங்க பக்கத்துல, எங் கண்ணால பாத்தேன்."

"கோடு போட்டிருக்கேனே!"

"என்னா கோடு? கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. எழுத்தத்தான் இன்னைக்குப் பொடிசாக்கி வச்சிருக்கீங்க. வெரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் படிச்சேன். என்ன கோவமோ தெரியல அண்ணனுக்குன்னு நெனச்சேன்."

"யாருமே சொல்லலியா, கப்பல் இல்லன்னு?"

பஸ் கண்டக்டர் சொன்னானாம். "மௌசி, ஆஜ் ஜஹாஜ் நஹீ ஹை" என்று, இன்று கப்பல் இல்லை என்று, ஏறும்போதே சொன்னானாம். இவள் விடவில்லை. என் அண்ணன் நெட்டில் போட்டிருக்கிறார், உனக்கு என்ன தெரியும் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அவனோடு சண்டை போட்டிருக்கிறாள். இறங்கும்போது அவனே அவள் பையை இறக்கி வைத்தானாம். மாட்டை வங்காளி மௌசியிடம் ஒப்படைத்து, வீட்டைப் பூட்டி, எனக்காகக் கருவாடும் கட்டிக்கொண்டு, மழையில் நிற்கிறாள்.

என்னால் நம்ப முடியவில்லை. என் கணினியில் கோடு இருக்கிறது, என் போனில் கோடு இருக்கிறது. பஸ் இன்னும் ஜெட்டியில்தான் நின்றது; போனைக் கண்டக்டரிடம் கொடுக்கச் சொல்லி, திரையைப் படம் பிடித்து அனுப்பும்படி கேட்டேன். நல்ல பையன், சிரித்துக்கொண்டே அனுப்பினான். படம் வந்து சேர நேரம் பிடித்தது.

பார்த்தேன். என் பக்கம்தான். ஆனால் நான் செய்தது ஒன்றும் அதில் இல்லை. நீலப் பட்டை இல்லை, பெரிய எழுத்து இல்லை, சாம்பல் இல்லை, கோடு இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக. ரத்தான கப்பலும் ரத்தாகாத கப்பலும் அண்ணன் தம்பி போல நின்றன. பதினாறாம் கிலோமீட்டரில் சிக்னல் அந்த மழையில் எழுத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இரண்டாவது கோப்பான ஸ்டைல் ஷீட் வழியிலேயே நின்றுவிட்டது.

எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சியைச் சொல்ல வேண்டும். வியப்பு. தலைப்பு மட்டும் தடித்துப் பெரிதாக இருந்தது, நான் சொல்லாமலே. இணைப்புகள் நீலத்தில் அடிக்கோட்டோடு இருந்தன, நான் சொல்லாமலே. யார் சொன்னது? நாம் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் தனக்கென்று ஓர் உத்தரவுத் தாளை ஒவ்வொரு பிரவுசரும் உள்ளே வைத்திருக்கிறது! ஏழு இடத்தில் படித்தும் இதைக் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன்.

"அவ அங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா," என்றாள் மனைவி, முதுகுக்குப் பின்னாலிருந்து. "நீங்க இங்க படம் பாத்து ரசிக்கிறீங்க."

அந்த இரண்டாவது கப்பலுக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. ரத்தான கப்பலின் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அதற்கு முட்டிமோதினார்கள். இவளுக்கு டிக்கெட் சொல்லிவைக்க வேண்டியவரிடம் இவள் சொல்லவே இல்லை. முதல் கப்பல்தான் போகிறதே என்று இருந்துவிட்டாள். தேதி போயிற்று. மனைவிதான் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, நர்ஸம்மாவிடம் பேசி, பல வாரம் தள்ளி வேறு தேதி வாங்கிவந்தாள். வந்து கதவைத் தோளால் இடித்துச் சாத்தினாள்.

நான் அந்த அம்மையாரின் பாடங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் பாடத்திலேயே சொல்லியிருக்கிறார். ஒரு விஷயத்தை நிறத்தாலோ கோட்டாலோ மட்டும் சொல்லாதீர்கள், சொல்லாலும் சொல்லுங்கள், பார்வை குறைந்தவர்களும் படிக்க வருவார்கள் என்று. முதல் முறை கேட்டபோது பார்வை குறைந்தவர்கள் எதற்கு வலைப்பக்கம் பார்க்கப் போகிறார்கள் என்று நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டேன். நான் யாருக்காகப் பக்கம் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகமில்லை.

அன்றே திருத்தினேன். கேன்சல் என்ற சொல்லை வரியின் முதலிலேயே வைத்தேன். ரத்தானதைக் குறிக்க எழுத்துக் கோப்பிலேயே ஒரு குறி இருக்கிறது. அதைப் போட்டால் எந்தப் பிரவுசரும் தானாகவே கோடு போடும் என்று தெரிந்துகொண்டேன். ஸ்டைல் ஷீட்டைத் தனியாக வைக்காமல் பக்கத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு வரியாக இருந்ததைக் குறைத்துப் பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தேன். தனிக் கோப்பாக வைப்பதுதான் ஒழுங்கு என்று ஏழு இடத்திலும் எழுதியிருக்கிறது. அவர்கள் ஊரில் ஒழுங்கு. இப்போதெல்லாம் ஏதாவது மாற்றினால் ஸ்டைல் ஷீட்டை அணைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

அடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே தங்கை வந்து இறங்கிவிட்டாள். "ஒங்க பக்கத்த நம்பி வரல, கண்டக்டர் தம்பிகிட்ட கேட்டுட்டு வந்தேன்" என்றாள் ஜெட்டியிலேயே. மனைவி சிரித்தாள். எனக்கு அதைக் கேட்டு வருத்தம் வரவில்லை, படியில் அவள் காலை எப்படி வைக்கிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படிக்கும் முதலில் காலால் துழாவினாள்.

வலது கண்ணில் ஆப்பரேஷன் நடந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் எழுந்துவந்து என் கணினிக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே! இது நீலம்!"

"நான் அப்பவே சொன்னேன்."

அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. வலது கண்ணைக் கையால் மறைத்தாள், எடுத்தாள். இடது கண்ணை மறைத்தாள், எடுத்தாள். "இந்தக் கண்ணுல நீலம். அந்தக் கண்ணுல பழைய பழுப்பு. பட்டை ஒண்ணுதானண்ணே?"

"ஒண்ணுதான். வெள்ளை எப்படித் தெரியுது?"

"இதுல சுண்ணாம்பு. அதுல டீத்தண்ணி." மறுபடி மறைத்துப் பார்த்துச் சிரித்தாள். "இத்தன வருஷமா டீத்தண்ணிக்குள்ளயா இருந்தேன்?"

எனக்கு ஒன்று தோன்றியது. புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம் செய்தேன். இடது சதுரம் சுத்த வெள்ளை. பழைய கண்ணால் அதைப் பார்க்கச் சொன்னேன். பிறகு அந்தக் கண்ணை மூடி, புதிய கண்ணால் வலது சதுரத்தைப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை வலது சதுரத்தின் நிறத்தை மாற்றுவதாக ஏற்பாடு.

"இன்னும் மங்கணும்."

மாற்றினேன்.

"ரொம்பப் போட்டுட்டீங்க. அவ்வளவு சிவப்பு வேணாம்."

"மஞ்சளா?"

"மஞ்சள்ல கொஞ்சம் அழுக்கு. பழைய வேட்டி மாதிரி."

மனைவியும் வந்து நின்றுவிட்டாள். "ஏங்க, யாரு வேட்டியச் சொல்றா, ஒங்க வேட்டியா?" என்றாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒரு எண்ணை ஏற்றுவேன், இன்னொன்றை இறக்குவேன். தங்கை கண்ணை மாற்றி மாற்றி மறைத்து, இல்லை, இல்லை என்பாள். முப்பதாவது முறைக்குப் பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் அவள் கையை இறக்கவே இல்லை. மறைத்தாள், எடுத்தாள், மறுபடி மறைத்தாள்.

"இதேதான். இதேதாண்ணே."

மனைவி குனிந்து திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஈரக் கடற்கரை மணலைக் கொஞ்சம் புகையில் காட்டிய மாதிரி ஒரு நிறம். இவ்வளவு நாளாக இதற்குள்தான் அவள் பால் கறந்தாள், அடுப்பு மூட்டினாள், என் பக்கத்தைப் படித்தாள். பாலை டம்ளருக்கு வெளியே ஊற்றியதும் இதற்குள்தான். எனக்கு இதை யாராலும் போனில் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது.

நிறத்தின் குறியீட்டைப் படித்தேன். ஆறு எழுத்து. அந்தப் பட்டியலில் இதற்குப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

"அந்தக் கண்ணையும் பண்ணிட்டா," என்றாள் தங்கை, "நீங்க கண்டுபிடிச்ச இந்தக் கலர் சரியா தப்பான்னு யாரு சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம். மாசம் முடியறதுக்குள்ள அதையும் பண்ணிடணும். தேதி வாங்கியாச்சு."

"அதுக்குள்ள ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வந்துடறேன். மாடு என்ன ஆச்சோ."

"போக வேணாம். இங்கயே இரு."

"நீங்க சொல்லாதீங்கண்ணே, ஷிப் என்னைக்குன்னு நானே பாத்துக்கறேன்," என்றபடி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய கண்ணைப் பொத்திக்கொண்டு, கப்பல் பக்கத்தை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தாள்.